பத்து மில்லிமீட்டர் இடைவெளி

சைக்கிளின் முன்சக்கரத்து ஆக்ஸிலைப் பற்றி ஒரு மாதம் முழுக்க யோசித்தவன் கடையநல்லூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எல்லாம் என் வாயால் வந்த வினை.

அண்ணன் சவூதியில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. எங்கள் இருவருக்குமே மலைச் சைக்கிள் பைத்தியம் உண்டு. அவர் சைக்கிள் இங்கே வீட்டில் உறை போட்டு நிற்கும். இந்த முறை சாரல் நேரத்தில் லீவு கிடைத்தது. இலஞ்சி குளக்கரை, தோப்புக்குள் போகும் வண்டிப்பாதை, அப்படியே பழைய குற்றாலம் என்று தினமும் காலையில் சேர்ந்து போவதாகப் போனிலேயே பேசி முடித்திருந்தோம். என் சைக்கிளில் முன்சக்கரத்தை இரண்டு காலால் கவ்வி நிற்கும் ஃபோர்க் எண்ணெய் கசிந்து, பள்ளத்தில் இறங்கினால் தொப்பென்று உட்கார்ந்துவிடும். அதனால் அங்கே ஒருவரிடம் ஒரு ஃபோர்க்கை அதன் சக்கரத்தோடு சேர்த்து எனக்காக வாங்கியிருந்தார்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர் பெட்டியில் பாதிதான் அவருடையது. மீதி, கூடத் தங்கியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடும் சாமான். மாட்டேன் என்று சொல்ல முடியாது, நாளைக்கு நம் சாமானையும் அவர்கள்தான் சுமக்க வேண்டும். இடம் போதாமல் அண்ணன் போன் செய்தார். உன் சக்கரத்தின் ஆக்ஸில் எவ்வளவு, அதுவே இந்த ஃபோர்க்குக்குப் பொருந்துமென்றால் இந்தச் சக்கரத்தை இங்கேயே வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். பதினைந்து, தாராளமாக வைத்துவிட்டு வாருங்கள் என்றேன்.

பதினைந்து என்பது ஆக்ஸிலின் தடிமன் மட்டும். மலைச் சைக்கிளில் முதலில் ஒல்லியான ஒன்பது மில்லிமீட்டர் இருந்தது. முரட்டு ஓட்டத்துக்கு இருபது வந்தது. பிறகு இரண்டுக்கும் நடுவே பதினைந்து. அதோடு விட்டார்களா? ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே நூறு மில்லிமீட்டர் போதாது, நூற்றுப்பத்து இருந்தால்தான் சக்கரம் உறுதியாக நிற்கும் என்றார்கள். தடிமன் அதே பதினைந்து. என் சக்கரம் நூறு. அண்ணன் சுமந்து வந்த ஃபோர்க் நூற்றுப்பத்து.

வைத்துப் பார்த்தபோது, அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல் சக்கரம் உள்ளே லொடலொடத்தது. சைக்கிள் கம்பெனிக்காரர்களை வாய் வலிக்கத் திட்டினேன். அகலத்தையும் அளந்து சொல்லியிருக்க வேண்டியவன் நான் என்பதைத் திட்டு மறைத்தது. அண்ணன் சிரித்துவிட்டு, பழையதையே மாட்டு, போவோம் என்றார். எனக்கு மனசு வரவில்லை. புது ஃபோர்க் மூலையில் கிடந்தால் தினமும் என் அவசரப் புத்தி எல்லோர் கண்ணிலும் படுமே.

தென்காசியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டராக இரண்டு வளையம் கடைந்து கொடுக்கப் பட்டறைக்காரருக்கு நாலு நாள் ஆனது. சக்கரம் கச்சிதமாக நின்றது. ஆனால் பிரேக் டிஸ்க் ஐந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப்போய், பிரேக்குக்குள் உட்காரவில்லை. டிஸ்க்குக்கு அடியிலும் ஒரு வளையம், அதற்கு நீளமான போல்ட் வேண்டும். பிரேக் விஷயம், சரியான போல்ட் இல்லாமல் தொடமாட்டேன் என்று பட்டறைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆன்லைனில் வரவழைத்த போல்ட் வேறு அளவு. திருப்பி அனுப்பிவிட்டு மறுபடியும் காத்திருந்தேன்.

தினமும் காலையில் அண்ணன் போவோமா என்பார். நாளைக்கு என்பேன். சில நாள் தனியாகப் போய்ச் சாரலில் நனைந்து வந்தார். பிறகு அவரும் சைக்கிளுக்கு உறையைப் போட்டுவிட்டார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசிவரை போல்ட் வரவில்லை. லீவின் கடைசி நாள் சாயங்காலம், வேறு வழியில்லாமல் பழைய ஃபோர்க்கையே மாட்டினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இருட்டுவதற்குள் இலஞ்சி வரையாவது போய்வரலாம் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் யார் யார் வீட்டிலிருந்தோ வந்த பொட்டலங்கள்.

"ஃபோர்க்கு எதுக்கு வாங்கிட்டு வந்தேன்னு நினைக்கே? நீ எங்கூட வரணும்னுதாம்லே. அரை மணி நேர வேலைக்கு என் லீவ முடிச்சிட்டியே."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தேன். விடிவதற்கு முன் அவரை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியது. அந்த முப்பது நாளில் நாங்கள் சேர்ந்து ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை.