நாலு விரல் இடைவெளி

எங்கப்பா ஜெரோமுக்குக் கணபதிங்கிற ஊரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். தொண்ணூத்தஞ்சில் பழைய ஹெரால்டு கார் சேசிஸ் மேல் ஃபைபர் பாடி ஏத்தி ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் கட்டினார். பார்க்க வாத்து மாதிரி இருக்கும். ஓடினால் சிங்கம்.

ஸ்பிரிங் மட்டும் மூணு ஜோடி மாத்தினார். கெட்டியாப் போட்டால் வளைவில் வண்டி சாயாது. ஆனா ரோட்டுக் குழியெல்லாம் முதுகில் ஏறும்.

“ஏனுங்க, உரல்ல போட்டு இடிக்கறீங்களா?” என்றாள் அம்மா சூசைமேரி.

கடைசியில் அம்மா எடைக்கே அளந்து ஒரு ஜோடி வெச்சார். அவள் ஏறி உட்கார்ந்ததும் இடது முன் டயருக்கும் மேலே மட்கார்டுக்கும் நடுவில் சரியா நாலு விரல் நுழையணும். ஒவ்வொரு தடவையும் விரல் வெச்சுப் பார்த்துட்டுத்தான் வண்டியெடுப்பார்.

பத்தாவதில் ரெண்டு தரம் கோட்டடிச்ச பொண்ணு எனக்கு வேறென்ன வேலை? அம்மா சீட்டுக்கடியில் அஞ்சு கிலோ எடைக்கல் மூணை ஒளிச்சேன். மூணு விரல்தான் நுழைஞ்சது.

“சூச, நேத்து பிரியாணி பூராத்தையும் நீயா தின்னுபோட்ட?”

ரெண்டு நாள் ஸ்பிரிங்கைக் கழட்டி மாட்டினார். மூணாம் நாள் கல்லைப் பிடிச்சார். “அம்மிணி, நில்லு!”ன்னு என்னை ஒரு கிலோமீட்டர் துரத்தினார்.

அடுத்த வருசம் அம்மா வயித்தில் கட்டி. உடம்பு கொஞ்சம் தேறினால்தான் ஆபரேசன் என்று டாக்டர் சொல்லிட்டார். வாராவாரம் அதே வண்டியில் ஆஸ்பத்திரி. குலுங்கக்கூடாதுன்னு ஷாக் அப்சார்பரைத் திருகித் திருகித் தளர்த்தினார் அப்பா. அம்மா ஏறினதும் கேட்பாள்.

“எத்தன விரலுங்க?”

ஒருநாள் அஞ்சு நுழைஞ்சது. அப்பா கையை உருவிக்கிட்டு வண்டியெடுத்தார். அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாள்.

மறுவாரம் அவங்க கிளம்புமுன்னே ரெண்டு கல்லை மறுபடி சீட்டடியில் வெச்சேன். அப்பா குனிஞ்சு விரல் வெச்சார்.

“நாலேதான், சூச.”

“பாத்தியா கண்ணு, தேறிட்டேன்!” அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாள். பல் மட்டும்தான் பழசு மாதிரி இருந்தது.

அம்மா இளைச்சுக்கிட்டே போனாலும், அப்புறம் மாசி வரைக்கும் நாலு விரல்தான். எனக்கே ஆச்சரியம். மாசியில் அம்மா போயிட்டாள்.

அடக்கம் முடிஞ்ச மறுநாள், அப்பா கண்ணில் படுமுன்னே கல்லை எடுத்துடலாம்னு சீட்டைத் தூக்கினேன். ரெண்டு இருக்கவேண்டிய இடத்தில் அஞ்சு.

“மூணு என்னுதுங்க, அம்மிணி.” அப்பா பின்னால் நின்னார். “அவ கேக்கறப்ப பொய் சொல்ல வாய் வரல.”

சீட்டை அவரே மூடினார். கல்லை எடுத்தால் இடது பக்கம் எந்திரிச்சுக்கும். இன்னும் ரெண்டுபேரும் எடுக்கலை.