சிக்னல் போகாத ஊரில் என் மகளின் கட்டைவிரல்

முதலில் கண்ணில் பட்டது அவள் சோறு சாப்பிட்ட விதம்தான். தட்டின் விளிம்பில் அவளுடைய கட்டைவிரல் மட்டும் தனியாக எழுந்து, கீழிருந்து மேலாக ஒரு தள்ளு தள்ளியது. சற்று நின்றது. மறுபடியும் ஒரு தள்ளு. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இசக்கிக்கு அது தெரியவே இல்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ள, சோத்தையும் தள்ளிவிடுதே?" என்று என் மனைவி கனி கேட்டாள். மூவரும் சிரித்தோம். சில நாட்களில் அந்த விரலால் பேனா பிடிக்க முடியாமல் போனது.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி இருந்து, நீங்கள் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதைப் படித்தால், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறாள். தைரியமாகப் படியுங்கள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எஸ்டேட் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மாஞ்சோலையில் தேயிலை பறித்தேன். எஸ்டேட் வேலை முடிந்து எல்லாரும் கீழே இறங்கியபோது, கனியின் சொந்த ஊரான சேரன்மகாதேவிப் பக்கம் வந்தோம். இப்போது ஒரு டீக்கடையில் டீ ஆற்றுகிறேன். இலையாகப் பார்த்ததை இப்போது சாயாவாகப் பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இசக்கியைப் பார்த்த டாக்டர் அம்மாதான், "பேச வரலைன்னா எழுதுங்க, மத்த பெற்றோர் படிப்பாங்க" என்றார்.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைப் பையச் சாய்த்தார். இசக்கி துடித்துப்போனாள். தசைநாண் உறை அழற்சி (கட்டைவிரலை அசைக்கும் நாரைச் சுற்றியிருக்கும் உறை வீங்கிப்போவது) என்றார்.

"பீடி சுத்துறவங்களுக்கு வர்ற வலி இது. பிள்ளை பீடி சுத்துதா?" என்று கேட்டார்.

கனிக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்கிற பிள்ள, டாக்டர்."

"அப்ப போன்தான்" என்றார் அவர். விரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடிக்கும் பட்டை ஒன்றை மாட்டினார். பிள்ளையின் கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதினார்.

மனநலப் பிரிவு என்று எழுதியிருந்த பலகைக்கு முன்னால் கனி நின்றுவிட்டாள். "விரலுக்கு வந்தா மனசுக்கு அனுப்புதாவ. நாம போயிருவோம்" என்றாள். எனக்கும் கால் வரவில்லை. உள்ளே போனது இசக்கிதான். "கை வலிக்கும்மா. வாங்க" என்றாள்.

உள்ளே இருந்த டாக்டர் அம்மா எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இசக்கியிடம் போனைக் காட்டச் சொல்லி, அதில் என்னென்ன பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என்னிடம், "போன் எப்போ கொடுத்தீங்க?" என்றார்.

இங்கேதான் எங்கள் மலைக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறைச் சொல்ல வேண்டும். மேலே எங்கள் லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சிக்னல் கிடையாது. ஒரு வளைவில், ஒரு பாறைமேல் ஏறினால் வரும். மேகம் இறங்கினால் போய்விடும். அதனால் சிக்னல் கிடைத்துப் பாறைமேல் நிற்பவரை யாரும் கீழே கூப்பிடமாட்டோம். போவதற்குள் பேசிக்கொள்ளட்டும், போவதற்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மற்ற வேலையை நாங்கள் செய்துவிடுவோம். அங்கே அதுதான் மரியாதை.

கீழே வந்ததும் இசக்கி போனை வாங்கி, நின்றபடியே அவசர அவசரமாகப் பார்த்தாள். "எப்பா, போறதுக்குள்ள பாத்துக்கிடுதேன்" என்றாள். நானும், "பாரு பிள்ள, போறதுக்குள்ள பாத்துக்கோ" என்றேன்.

அது போகவே இல்லை.

மாதக்கணக்கில் போகவில்லை. நான் இதைச் சொன்னபோது டாக்டர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கனி சிரித்தாள். இசக்கியும் சிரித்தாள். மனநலப் பிரிவில் அப்படி ஒரு சிரிப்பு கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு அவர் விளக்கினார். இசக்கி பார்க்கும் வீடியோ செயலியில் ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாகத் தொடங்கும். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும், அடியே கிடையாது. அடுத்து வருவது நன்றாக இருக்குமா இருக்காதா என்று தெரியாத அந்த ஒரு நொடியில்தான் டோபமைன் (மூளையில் 'இன்னும் கொஞ்சம்' என்று ஆசையை மூட்டும் ஒரு வேதிப்பொருள்) கூடுகிறது. "உங்க பிள்ளைக்கு மனஉறுதி இல்லைன்னு நினைக்காதீங்க. நிறுத்த முடியாதபடி யோசிச்சுச் செஞ்ச சாமான் அது. பெரியவங்களே திணறுறோம்."

மருந்து எழுதவில்லை. பட்டையைக் கழற்றக் கூடாது, போன் வீட்டில் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஒரு நேரம், அந்த நேரத்துக்கு ஒரு முடிவு. "மேல மலை செஞ்ச வேலையைக் கீழ நீங்க செய்யணும், ஐயா. நீங்கதான் இனி மேகம்" என்றார்.

நான் மேகமாக இருக்கத் தகுந்த ஆள் இல்லை. கடையில் எவராவது இன்னொரு கரண்டி சீனி கேட்டால்கூட மறுக்கத் தெரியாதவன். முதல் நாள் சாயங்காலம் அவள் பின்னால் போய் நின்று, "போதும்" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

அடுப்படியிலிருந்து கனி எட்டிப் பார்த்தாள். "ஏன், அந்தப் போனுகிட்டயும் வெக்கப்படுதீயளோ?"

பின் வந்த நாட்கள் எளிதாக இல்லை. இசக்கி அழுதாள். எரிந்து விழுந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டர் இதை முன்பே சொல்லியிருந்தார்: விலகல் அறிகுறிகள் (பழகிய ஒன்று கிடைக்காதபோது உடம்பும் மனமும் முரண்டுபிடிப்பது). சில வாரங்களில் தணியும் என்றார். உங்கள் வீட்டிலும் இது நடக்கும். பயப்பட வேண்டாம்.

அவளுக்கு மிகவும் வலித்தது ஒரு சுடர். இன்னொரு செயலியில் தோழிகள் தினமும் ஒருவருக்கொருவர் ஒரு படம் அனுப்பினால் பெயருக்குப் பக்கத்தில் சிறிய நெருப்பு எரியுமாம். ஒரு நாள் தவறினால் அணைந்துவிடும். புது ஊர், புதுப் பள்ளிக்கூடம். அவளுக்கு இருந்த ஒரே தோழி, வேறு பள்ளியில் படிக்கும் முபீனா. அவளோடு எரிந்த சுடர் அணைந்த அன்று இசக்கி சாப்பிடவில்லை. "இனி அவ என்கூடப் பேசமாட்டா" என்றாள். எங்கள் பிள்ளைக்கு இருப்பது விரல்வலி மட்டுமல்ல, பயமும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பயத்தையும் யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்பதும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. முபீனா.

"ஏட்டி, தீ அணைஞ்சிட்டு. செத்துப்போயிட்டியான்னு பாக்க வந்தேன்."

இசக்கி கைப்பட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஆத்தாடி, ஒடிஞ்சிட்டா?"

"இல்ல, தேஞ்சிட்டு."

இருவரும் சிரித்த சிரிப்பில் கனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். முபீனா சாயங்காலம் வரை இருந்தாள். போகும்போது, "சனிக்கிழமை ஆத்துக்கு வாறியா?" என்று கேட்டாள். இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். மலைப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது.

எனக்கும் தெரியாது. ஆனால் கனி ஆற்றங்கரையில் பிறந்தவள். வீக்கம் வடிந்து, பட்டையைக் கழற்றி, தண்ணீரில் கை வீசலாம் என்று எலும்பு டாக்டர் சொன்ன வாரமே எங்கள் இருவரையும் படித்துறைக்கு இழுத்துப் போனாள். ஒரு வண்டி டியூப்பை என் தலைவழியாக மாட்டினாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கனி, எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். கல்யாணமாகி மலைக்கு வந்த புதுசுல அட்ட கடிச்சு, வழுக்கி வழுக்கி விழுந்தேம்லா. அன்னைக்கு உங்க ஆளுவ எல்லாரும் சிரிச்சாவல்லா? இப்போ இறங்குங்க."

இறங்கினேன். தாமிரபரணி என்னை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, கரைப்பக்கமாகவே திருப்பி வைத்தது. இசக்கி சிரித்ததில் அவளும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் கிராமசபை கூடியது. பிள்ளைகளுக்கான செயலிகளைக் கட்டுப்படுத்த அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று பெற்றோர் கேட்கலாம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். தெருவிளக்கு பற்றிப் பேசி முடித்ததும் கனி என் முதுகில் குத்தினாள். எழுந்துவிட்டேன்.

வீடியோ ஓரிடத்தில் தானாக நிற்க வேண்டும், அடுத்தது கேட்காமல் வரக் கூடாது, நாள் தவறினால் அணைகிற நெருப்பு பிள்ளைகளுக்கு வேண்டாம், பாடவேளையிலும் தூங்கும் நேரத்திலும் மணி அடிக்கக் கூடாது என்றேன். 

பின்வரிசையிலிருந்து ஒருவர், "பெத்தவன் கண்டிக்காம அரசாங்கமா வந்து கண்டிக்கும்? இதுக்கெல்லாம் எதுக்குவே சட்டம்?" என்றார்.

அவர் கேட்டது சரிதான். நானும் அப்படி நினைத்தவன். 

"மாஞ்சோலை பஸ் டிரைவரு நல்லா ஓட்டுவாரு. ஆனாலும் வளைவுல சுவரு கட்டிருக்காவ. டிரைவர் சரியில்லன்னு இல்ல. அங்கன பள்ளம் இருக்கு, அதான்" என்றேன். "நான் வீட்டுல கண்டிக்கேன். பைய பையப் பழகுதேன். சுவரும் வேணும்."

எங்கள் டீக்கடை அண்ணாச்சி சத்தமாக, "ஏலே, நீ பேசுவியா? இவ்வளவு நாளும் ஊமைன்னுல்லா நெனச்சேன். எழுதுங்க வே, தெருவிளக்குக்கு அடுத்தாப்ல எழுதுங்க" என்றார். கூட்டமே சிரித்தது. பின்வரிசைக்காரரும் கை தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது. தெருவிளக்கு இன்னும் வரவில்லை. சட்டமும் வரவில்லை. இரண்டுக்கும் காத்திருக்கிறோம்.

வீட்டுக்கு நடக்கும்போது இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் என் உள்ளங்கையில் அசையாமல் இருந்தது.

போனை அவள் இப்போதும் பார்க்கிறாள். நேரம் முடிந்தால் முணுமுணுக்கிறாள். முணுமுணுத்துக்கொண்டே வைத்தும் விடுகிறாள். குளிர்நாட்களில் கட்டைவிரலின் அடி கொஞ்சம் வலிக்கும். நன்றாகத் தூங்குகிறாள்.

சென்ற சனிக்கிழமையும் ஆற்றில் இருந்தோம். நான் டியூப் இல்லாமல் முதன்முதலாக மல்லாந்து மிதந்தேன். காதுகள் தண்ணீருக்குள் போனதும் கரைச்சத்தம் எல்லாம் நின்றது. சுமை தூக்கித் தூக்கியே தெரிந்த என் உடம்பு, எடையில்லாமல் கிடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கரை எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது. இப்போதெல்லாம் என் நாளும் அப்படித்தான் இருக்கிறது.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது, உதடு வெளுத்து நடுங்கிக்கொண்டே இசக்கி படியேறிக்கொண்டிருந்தாள். முபீனா நீரிலிருந்து கூப்பிட்டாள். இசக்கி திரும்பி, "எனக்குப் போதும்ட்டி" என்றாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள். கனி என்னைப் பார்த்தாள். நான் கனியைப் பார்த்தேன்.

"நீங்களும் ஏறுங்க" என்றாள் கனி.

"இந்தா வாறேன். இன்னும் கொஞ்சம்" என்று மறுபடி மல்லாந்தேன்.

அப்போது மேல்படியில், தலையைத் துவட்டிக்கொண்டே நின்ற என் மகள், அக்கரைக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"எப்பா, போதும்."

உடனே ஏறிவிட்டேன்.