குதிரை டீச்சரின் ஜலதோஷம்

என் அண்ணிக்குக் குதிரைகளோடு பேசத் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அண்ணி பேசுவதெல்லாம் எங்களோடுதான், அதுவும் மூச்சுவிடாமல். குதிரைக்கு முன்னால் போய் நின்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். "அந்த மரியாதையை எங்களுக்கும் கொஞ்சம் காட்டலாமே அண்ணி" என்று ஒருநாள் கேட்டேன். "குதிரை ஒரு தடவை சொன்னா கேக்குது. நீயும் உங்கண்ணனும் கேக்கறீங்களா?" என்றாள்.

அண்ணனும் அண்ணியும் கீழ் வீட்டில் இருக்கிறார்கள், தங்கையான நான் மாடியில். அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் இருவருக்கும் குதிரை என்றால் தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய பொருள். அண்ணி மட்டும் ஊருக்கு வெளியே பெரிய சாலையை ஒட்டிய குதிரை லாயத்தில் டீச்சர். முதலில் அங்கே ஆபீஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள். கிழித்த நேரம் போகக் குதிரைகளோடு நின்று நின்று, எப்படியோ டீச்சராகிவிட்டாள்.

ஆறேழு குதிரைகள், தகரக் கூரை, மரக்கட்டை வேலி போட்ட மண் மைதானம். அங்கே சனி ஞாயிறுகளில் பெரியவர்களுக்குக் குதிரை பழகச் சொல்லிக்கொடுக்கிறாள். சாட்டை கிடையாது, அதட்டல் கிடையாது. தலைக்கயிற்றை லேசாக நீட்டிக் கேட்க வேண்டும். குதிரை ஒரு அடி எடுத்து வைக்க நினைத்தாலே போதும், அந்த நொடியில் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்துவதுதான் அதற்குப் பரிசாம். "கேளு, காத்திரு, குடுத்தா விட்டுடு" என்பாள் அண்ணி. மொத்தப் பாடமும் இவ்வளவுதான். இதற்கு ஃபீஸ் கட்டிப் படிக்க மூன்று பேர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பூனை ஓடிப்போனது.

அந்த மூன்று பேரையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வந்த புதிதில் குதிரையின் விலாவை இரண்டு தட்டு தட்டி "போலாம் ரைட்!" என்பார். இன்னொருவர் பல் டாக்டர் அம்மா. எந்தக் குதிரையைப் பார்த்தாலும் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். மூன்றாவது ஆள் ஒரு பேங்க் கேஷியர், உலகமகா பயந்தாங்கொள்ளி. முதல் சில மாதங்கள் வேலிக்கு வெளியே நின்றபடியே குதிரைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அண்ணி அவரை ஒன்றும் சொல்லவில்லை. "வேலிகிட்ட வந்துட்டாருல்ல, அதுவே பெரிசு" என்று விட்டுவிட்டாள். ஒருநாள் அவராகவே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாராம். அன்றைக்கு ராத்திரி அண்ணி அதையே மூன்று தடவை சொன்னாள். எங்கள் வீட்டில் குழந்தை பிறந்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

இப்போது அண்ணியின் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குதிரை டீச்சருக்கு வைக்கோல் தூசி ஆகாது. வருடம் முழுவதும் ஜலதோஷம். எதையாவது கேட்பதற்கு முன்னால் மூக்கை ஒருமுறை 'ஸ்ர்ர்க்' என்று உறிஞ்சிவிட்டுத்தான் கேட்பாள். குதிரையிடமும் அப்படித்தான், மனிதரிடமும் அப்படித்தான். அப்படி ஒரு பழக்கம் இருப்பது அவளுக்கே தெரியாது. அண்ணன் மட்டும் தினமும் நொந்துகொள்வான். "ஃபிரிட்ஜ்ல இந்தச் சத்தம் வந்தா கேஸ் லீக்குன்னு அர்த்தம்" என்பான். சொல்லிக்கொண்டே பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து நிற்பான். எதற்கு எழுந்தான் என்று அவனிடம் கேட்டால் தெரியாது.

லாயத்தில் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை இருந்தது. யார் என்ன செய்தாலும் திருப்தியில்லாமல் ஒரு பார்வை பார்க்கும், அதனால் எல்லோரும் அதை மாமியார் என்று கூப்பிடுவார்கள். மாமியார் வேனில் ஏறமாட்டாள். குதிரைகளை ஏற்றிப் போகும் வேன் வந்து பின்பலகையைச் சாய்த்தால் போதும், நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்பாள். லாயத்து ஆட்கள் எட்டுப் பேர் தள்ளியும் அசைந்து கொடுக்கவில்லை. வேன் வேலைக்கு அண்ணியை யாரும் கூப்பிட்டதில்லை.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. லாயத்து முதலாளி எங்கிருந்தோ ஒரு பயிற்சியாளரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பளபளவென்று முழங்கால் வரை பூட்ஸ், கையில் சாட்டை. அவர் நடந்தால் பூட்ஸ்தான் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். சாட்டை இல்லாமல் குதிரை பழக்குவது வெறும் கண்துடைப்பு என்று முதலாளியின் காதில் ஓதிவிட்டார். முதலாளி அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை நாலு பெரிய மனுஷங்களைக் கூப்பிட்டிருக்கேன். எல்லார் முன்னாடியும் மாமியாரை சாட்டை இல்லாம வேன்ல ஏத்திக் காட்டுங்க. ஏறிட்டா வகுப்பு உங்களோடது. ஏறலைன்னா அவரோடது. நீங்க பழையபடி ஆபீஸ்ல டிக்கெட் கிழிங்க."

அண்ணி வீட்டுக்கு வந்து பேசவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அவள் பேசாமல் இருந்தால் யாராவது டாக்டரைக் கூப்பிட வேண்டும். கடைசியில் வாயைத் திறந்து, "டிக்கெட் கிழிக்கிறதுல எனக்கு ஒண்ணும் கேவலம் இல்லடி. ஆனா அந்தக் கேஷியர் இப்பத்தான் கயிறைப் பிடிக்கவே ஆரம்பிச்சிருக்காரு. சாட்டையைப் பாத்தா குதிரைக்கு முன்னாடி அவரு ஓடிடுவாரு" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு அவள்மேல் எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், அந்த வகுப்பு போய்விடக் கூடாது என்று அன்றைக்குத்தான் மனசார நினைத்தேன்.

அண்ணன் தன் பங்குக்கு உதவி செய்தான். அவன் உதவி செய்தால் எப்போதுமே ஏதாவது ஒன்று கூடுதலாகக் கெட்டுப்போகும். "பெரிய மனுஷங்க முன்னாடி மூக்கை உறிஞ்சிக்கிட்டா நிப்ப?" என்று அவளை மூக்கு டாக்டரிடம் இழுத்துப் போனான். டாக்டர் ஒரு மாத்திரையும் மூக்கில் அடிக்கும் மருந்தும் கொடுத்தார். மறுநாள் அண்ணியின் மூக்கு புது ஃபிரிட்ஜ் மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. அன்று சனிக்கிழமை. விழாவுக்காக லாயத்துக்கு வெள்ளையடித்ததால் வகுப்பு இல்லை, அவளும் வீட்டிலேயே இருந்தாள்.

அன்றைக்கு வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. "என்னங்க, அந்த பக்கெட்டை எடுங்க" என்றாள் அண்ணி. அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தான். "என்னங்க, கேஸ் தீந்துடுச்சு." அதையும் அவன் காதில் வாங்கவில்லை. "இன்னிக்கு இவருக்கு என்ன வந்துச்சு?" என்று அண்ணி என்னிடம் கேட்டாள். "ஆம்பளைங்களுக்குத் திடீர்னு இப்படி ஆகும் அண்ணி" என்று நானும் பெரிய அனுபவசாலி மாதிரி சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும், பேப்பரும் கையுமாக அண்ணனும் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்தோம். வேன் பலகையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அண்ணி மாமியாரை நடத்திக்கொண்டு வந்தாள். பலகைக்கு முன்னால் நின்றாள். கயிற்றை லேசாக நீட்டினாள். சுத்தமாக, சத்தமே இல்லாமல் மூச்சு விட்டாள்.

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். 'யாரம்மா நீ?' என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

அண்ணி மறுபடி கேட்டாள். காத்திருந்தாள். மாமியார் ஒரு ஈயை விரட்டினாள், அவ்வளவுதான். பெரிய மனுஷர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், பூட்ஸ்காரர் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருடம் பழகிய குதிரை அவளை முன்பின் தெரியாதவள் போல் நிற்க வைத்துவிட்டது. பக்கத்தில் அண்ணனோ, "மருந்து நல்லா வேலை செய்யுதுல்ல?" என்கிறான். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

"நான் வேணா ஒரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா டீச்சர்?" என்று ஒரு குரல். திரும்பினால் கேஷியர். முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. ஆனாலும் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். அண்ணி நிற்பது போலவே தோளைத் தளர்த்தி நின்றார். கயிற்றை நீட்டினார். பிறகு, எந்த ஜலதோஷமும் இல்லாத அந்த மனிதர், மூக்கை 'ஸ்ர்ர்க்' என்று உறிஞ்சினார்.

மாமியாரின் இரண்டு காதுகளும் விருட்டென்று முன்னால் திரும்பின. ஒரு கால் பலகையில் ஏறியது. கேஷியர் அந்த நொடியே கயிற்றைத் தளர்த்தினார், காத்திருந்தார். மறுபடி ஒரு உறிஞ்சல். அடுத்த கால். இன்னொன்று. மாமியார் சொந்த வீட்டுக்குப் போவது போல உள்ளே போய் நின்றுகொண்டாள்.

கூட்டம் கைதட்டியது. அண்ணி மட்டும் தட்டவில்லை. "ஏங்க, மூக்கை எதுக்கு உறிஞ்சுனீங்க?" என்றாள்.

"நீங்கதானே டீச்சர் சொல்லிக்குடுத்தீங்க?" என்றார் கேஷியர் அப்பாவியாக.

"நானா?"

"ஆமா டீச்சர், முதல்ல மூக்கு, அப்புறம் கயிறு" என்றார் கண்டக்டர். "எனக்கு வரவே இல்ல. வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகுனேன். என் சம்சாரம் சண்டை போட்டுட்டு அவங்க அம்மா வீட்டுக்கே போயிட்டா." பல் டாக்டர் அம்மா தலையாட்டினார். "நானும் தினம் பண்றேன். கிளினிக்ல பேஷன்ட் எல்லாம் கேக்காமலே வாயைத் தொறக்கறாங்க."

பூட்ஸ்காரருக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவுதானா வித்தை? இறக்குங்க அதை" என்றார். கேஷியர் மாமியாரை மெதுவாகப் பின்னால் இறக்கிக் கயிற்றைக் கொடுத்தார். பூட்ஸ்காரர் சாட்டையைக் கீழே வைத்துவிட்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். மாமியார் மரியாதையாகக் காதைத் திருப்பினாள், ஒரு கால்கூட எடுத்து வைத்தாள். இவர் விடவில்லை. இன்னும் இழுத்தார். மாமியார் எடுத்த காலைப் பின்வாங்கிக்கொண்டாள். இழுக்க இழுக்க அவள் பின்னால் போனாள், பூட்ஸ்காரரும் கூடவே போனார். மைதானத்தைப் பாதி சுற்றி, மாமியார் ஒரு திருப்பு திருப்பியதில், லாயத்தின் புதிதாக வெள்ளையடித்த சுவரில் முதுகு மோதித்தான் நின்றார். மூக்குடைபட்டது போதாதென்று முதுகெல்லாம் சுண்ணாம்பு.

"குடுத்ததும் விட்டுடணும் சார்" என்றார் கேஷியர், ரொம்பப் பணிவாக. பெரிய மனுஷர்கள் சிரித்தே விட்டார்கள்.

கண்டக்டர் போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டு, ஒரு 'ஸ்ர்ர்க்', ஒரு தளர்த்தல் என்று மாமியாரை மறுபடி வேனில் ஏற்றினார். பழக்கதோஷத்தில் "ரைட்!" என்று வேனை ஒரு தட்டும் தட்டினார்.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு அண்ணியிடம் வந்தார். "நீங்க ஏத்தலை. நீங்க சொல்லிக்குடுத்தவங்க ஏத்திட்டாங்க. நான் தேடுனது டீச்சரைத்தான். வகுப்பு உங்களோடதே."

அண்ணி கேஷியரைப் பார்த்தாள். வேலிக்கு வெளியே நின்று வணக்கம் சொன்ன அந்த ஆள், பெரிய மனுஷர்களுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். முழங்கால் ஆடவில்லை. "நான் கத்துக்குடுக்காததைக்கூடக் கத்துக்கிட்டீங்களே" என்று சொல்ல வந்தவள் பாதியில் அழுதுவிட்டாள். அழுகையில் எந்த டாக்டர் மருந்து நிற்கும்? மூக்கு ஒழுகியது. நிறைந்த மனதோடு, எல்லோருக்கும் கேட்கும்படி, 'ஸ்ர்ர்க்' என்று ஒரு உறிஞ்சல்.

வேனுக்குள் குளம்புச் சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடாமலே மாமியார் பின்னோக்கிப் பலகையில் இறங்கி, திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அண்ணி முன்னால் வந்து நின்றாள். காதை முன்னால் வைத்துக்கொண்டு, 'இப்பத்தான் வந்தியா, சொல்லு' என்பது போல் பார்த்தாள். அண்ணி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள்.

"அய்யோ, ஏத்துனதை இறக்கிட்டாங்களே!" என்றார் முதலாளி.

பக்கத்தில் பார்த்தேன். அண்ணன் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். என்ன எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கத் தயாராக இருந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருடமாக இவனையும் ஒரு சாட்டை இல்லாமல் பழக்கி வைத்திருக்கிறாளே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்னிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்காது என்று அண்ணனிடம் சொல்ல எழுந்திருக்கப் போனேன்.

எழுந்திருக்கத் தேவையிருக்கவில்லை. நானும் எழுந்துதான் நின்றுகொண்டிருந்தேன்.