துணைக்குப் போகிறவன்

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால், சுற்றுப்பட்டில் ஊருக்கு ஒருவன் என்னைப் போல உருவாகிவிடுகிறான். சீட்டு எங்கே போடுவது, ஸ்கேன் எந்த மாடி, எல்லாம் தெரிந்தவன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் என்னோடு கட்டிங்கில் இருந்தவருக்கு ஒருமுறை துணைக்குப் போனேன். அவ்வளவுதான், "அண்ணனுக்கு அங்க எல்லாம் அத்துப்படி" என்று ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. உண்மையைச் சொல்வதற்கென்ன, அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. ரிட்டயர் ஆனபிறகு வாரத்தில் பாதி நாள் அங்கேதான் கிடந்தேன். போன் வந்தால் பல் விளக்குவதற்கு முன்பே "வர்றேன்" என்பேன். ஒரு டீக்குக்கூட யாரிடமும் கை நீட்டியதில்லை. அதில் வேறு எனக்கு ஒரு திமிர்.

"ஏங்க, எடது கண்ணு ஓரமா மங்கலாத் தெரியுது. ஒரு நாள் காட்டிட்டு வந்துடலாமா?" என்றாள் என் மனைவி.

"அடுத்த வாரம் போலாம்."

அடுத்த வாரம் பேரணாம்பட்டு தோஸ்த் ஒருவரின் மச்சானுக்குக் கிட்னி. அதற்கடுத்த வாரம் எதிர்வீட்டு மருமகளுக்கு ஸ்கேன். இப்படியே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. இதற்கிடையில் இவள் கதவில் இடித்துக்கொண்டாள், டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். "பாத்து ஊத்தக்கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன். பாத்தாம், பாத்து! இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நானும் வசதியாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் என் பழைய சூப்பர்வைசரைக் கண் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அவரை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், கடைசி பெஞ்சில் என் மனைவி. கண்களை மூடிக்கொண்டு, மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் அடுத்த பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள்.

எதிரே போய் நின்றேன். ஆள் நிற்பது தெரிந்து கண்ணைத் திறந்தாள்.

"அண்ணா, என் பேரு கூப்ட்டா கொஞ்சம் சொல்றீங்களா? மருந்து ஊத்தியிருக்காங்க, யார் மொகமும் தெரியல."

"நான்தான்" என்றேன்.

"நீங்களா?" என்றவள், அடுத்து சாதாரணமாகக் கேட்டாள். "இன்னிக்கு யாரோட வந்தீங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளைத் தேடித்தான் நான் வந்திருப்பேனோ என்று ஒரு நொடிகூட அவளுக்குத் தோன்றவில்லை. சூப்பர்வைசரோடு வந்தேன் என்றேன். "பாவம், மொதல்ல அவரப் பாருங்க" என்றாள்.

நான் போகவில்லை. டாக்டர் அறைக்குள் அவளோடு போனேன். இடது கண்ணில் போன பார்வை போனதுதான், வலது கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். "முன்னாடியே கூட்டிட்டு வரக்கூடாதா? வீட்ல ஆஸ்பத்திரி விவரம் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே ஒரு போன். வாழ்க்கையில் முதல்தடவையாக "முடியாது" என்றேன். "இன்னாண்ணா, நீயே இப்டிச் சொன்னா எப்டி?" என்றான் அவன். அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லப் பழகிவிட்டது. பெரிய மனுசனாயிட்டான் என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பட்டும். இத்தனை சுலபமான வார்த்தையைக் கற்றுக்கொள்ளவா ஒரு கண்ணைக் கொடுத்தோம் என்றுதான் வயிறு எரிகிறது.

போன வாரம் அவளுக்கு செக்கப். கிளம்பி வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. யாருடைய அம்மாவுக்கோ நெஞ்சு வலி மாத்திரை மாற்ற வேண்டுமாம். "முடியாதுப்பா, வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போறேன்" என்று வைத்தேன். அவள் குனிந்து காலால் துழாவிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பாவங்க, அவங்களோட போய்ட்டு வாங்க. எனக்குத்தான் எங்கயும் தனியாப் போய்ப் பழக்கமாச்சே."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவேதான் சொன்னாள்.