அறுபது அங்குல வாசல்

அந்தக் கோயில் வாசலுக்குக் கர்வம் ஆகாது என்று ஊருக்குள் ஒரு பேச்சு. தலைக்கனம் உள்ளவர் நுழைந்தால் நிலை தானாகக் கீழே இறங்கி, மண்டையில் ‘ணங்’கென்று ஒன்று வைக்குமாம். டயர் கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே எழும்பி ஏழே மாதமான கோயில். அதற்குள் புராணம் பிறந்துவிட்டது.

ஆசாரியம்மாவுக்கு அந்தப் பேச்சு ரசிக்கவில்லை. கருவறைக்கு முன்னால் மக்கள் நின்று கும்பிடும் மண்டபத்துக்கு நிலைவாசல் செய்தவள் அவள். பக்தருக்கு அது அற்புதமாக இருக்கலாம். நிலை இறங்கினால் தச்சுவேலையில் அதற்குப் பெயர் பழுது.

“உன் நிலைக்கு உயிர் வந்துடுச்சாம்டி,” என்றார், பட்டறையில் மெருகு தேய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர்.

“அதுக்கு உயிர் வந்தா எனக்கு மானம் போகும். அப்புறம் எவன் என்கிட்ட ஒரு ஸ்டூல் செய்யச் சொல்லுவான்?”

டேப்பையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கோயிலில் குருக்களின் நெற்றியில், திருநீற்றுப் பட்டைக்கு மேலே, நெல்லிக்காய் அளவு புடைப்பு.

“உங்களுக்குமா சாமி? உங்களுக்கு என்ன கர்வம்?”

“குரல்ல கொஞ்சம் உண்டும்மா. இப்ப இறங்கிடுச்சு.”

நிலையை மேலும் கீழும் அளந்தாள். அறுபது அங்குலம், வரைபடத்தில் இருந்தபடியே. இம்மியும் இறங்கவில்லை. மூச்சு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது: ஐந்தடி வாசலை எந்தப் புத்தியுள்ள ஸ்தபதி வரைவார்? கோயில் கட்டியே தலை நரைத்தவருக்கு மனிதர் உயரம் தெரியாதா?

அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டாள்.

“அறுபது அங்குலம் சரிதாம்மா. எந்த அங்குலத்துல செஞ்சே?”

“அங்குலத்துல எத்தனை ஜாதிங்க இருக்கு?”

“டேப்புல இருக்கிறது கடை அங்குலம். கோயில்ங்கிறது சாமியோட உடம்பு. அதுக்கு நாங்க முழக்கோல் வெச்சுத்தான் அளப்போம். எங்க அங்குலம் ஒண்ணு, உன் டேப்புல ஒண்ணே காலே அரைக்கால் வரும்.”

சுவரில் பென்சிலால் பெருக்கிப் பார்த்தாள். எண்பத்திரண்டரை அங்குலம், கிட்டத்தட்ட ஏழடி. பெயர் ஒன்று என்பதற்காக அளவும் ஒன்று என்று நினைத்துவிட்டாள். கொத்தனாரும் வாயைத் திறக்காமல், சுற்றி மிச்சமிருந்த இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். அவளுக்கோ அன்றைக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் உயரம் நாலே முக்கால் அடி. அந்த வாசலில் நிமிர்ந்து போய் நிமிர்ந்து வருகிற ஒரே ஆள் அவள்தான்.

“தப்பு என்னோடது சாமி. கழட்டிட்டு வேற செஞ்சு தர்றேன்.”

குருக்கள் விரலை மட்டும் உயர்த்தினார். நிலைக்கு மேலே பளபளவென்று ஒரு போர்டு: ‘அகந்தை அழிக்கும் அருள்வாசல்’.

“கோயில் கமிட்டித் தலைவர் ரெண்டு தடவை இடிச்சுக்கிட்டு மாட்டின போர்டும்மா அது. இப்பப் போய் டேப்புல தப்புன்னு சொன்னா, அவர் தலையில இடிச்சது வெறும் கட்டைன்னு ஆயிடும். விடுவாரா?”

“அப்போ பொய்யாவே நிக்கட்டுமா?”

“எது பொய்? மத்த கோயில்ல போனைப் பார்த்துக்கிட்டே உள்ள வருவாங்க. இங்க குனிஞ்சு, அப்புறம் நிமிந்து, நேரா சாமியைப் பார்க்கிறாங்க. அது நிஜம்தானே?”

மானம் தப்பியதா, போயே போய்விட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள், வழக்கம்போல நிமிர்ந்து.

“நில்லும்மா. ஊரே குனிஞ்சாச்சு. செஞ்ச நீ இன்னும் குனியலை. ஒரு குனிவு பாக்கி.”

“இடிக்காத வாசல்ல குனிஞ்சா அது நடிப்பு சாமி.”

சொன்ன வேகத்தில் காதில் செருகியிருந்த பென்சில் நழுவி, வாசற்படியில் விழுந்தது. குனிந்து எடுத்தாள்.

“இது கணக்குல சேருமா?”

“பென்சிலுக்குக் குனிஞ்சது பென்சிலுக்குத்தான்,” என்றார் குருக்கள்.