டேராடூனுக்குப் புறப்பட்ட மூட்டை

நான் டேராடூனைப் பார்த்ததே இல்லை. ஆனால் என் துணி மூட்டை ஒரு தடவை அந்த ஊருக்குப் புறப்பட்டுப் போயிருக்கிறது. எங்கள் கொல்லையைத் தாண்டி, வாய்க்கால் வரைக்கும். அதற்குமேல் போகவில்லை. அது போகாததால்தான் நான் மடுகரையிலேயே வளர்ந்து, பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டு, இன்றைக்கு இதை உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். போயிருந்தால் இந்நேரம் பேரப்பிள்ளைகளை இந்தியில் அதட்டிக்கொண்டிருப்பேன்.

பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் அக்காவை டேராடூனில் காட்டிலாகா குமாஸ்தாவாக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அப்பா இரண்டு வயதில் தாயை இழந்தவர். இந்த அத்தைதான் அவரை இடுப்பில் தூக்கி, சோறூட்டி, ஆளாக்கினாள். அவள் ஒன்று கேட்டு அப்பா இல்லை என்று சொன்னதாக எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது.

அந்தத் தை மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. கோடைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா, இங்கே வெயில் தெரியாது, திரும்பிப் போகும்போது நடுவுள்ளவளை என்னிடம் விட்டுவிட்டுப் போ, என் பெண்ணாக வளர்க்கிறேன் என்று எழுதியிருந்தாள். பெரிய அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை பால் மறக்கவில்லை. நடுவுள்ளவள் நான்தான். அப்பா அன்றைக்கே சரி என்று பதில் எழுதிப் போட்டுவிட்டார்.

இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. எனக்குச் சொன்னதெல்லாம் இரண்டு மாதம் கோடைப் பயணம், பனிமலை பார்க்கலாம், உரித்தால் உள்ளே வெள்ளையாக இருக்கிற ஒரு பழம் மரம் மரமாகக் காய்க்கும் என்பதுதான். நானும் தெருவெல்லாம் போய்ப் பீற்றிக்கொண்டேன். அம்மா மட்டும் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அடுப்பை ஊத எழுந்து போனாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தபோதும் போனாள்.

அப்பா பயணத்துக்குத் திட்டம் போட்ட அழகை என்னவென்று சொல்வது! விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் போயறியாத மனிதர். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் தேசப்படத்தை இரவல் வாங்கி வந்து கூடத்தில் விரித்து, விரலால் சாண் போட்டுப் பார்த்தார். விழுப்புரம் வரைக்கும் மாட்டு வண்டி, அங்கிருந்து ரயிலில் பட்டணம், பட்டணத்திலிருந்து டில்லி, டில்லியிலிருந்து இன்னொரு ரயில். அங்கே கோதுமைதான் தின்பார்கள் என்று ஒரு மூட்டை அரிசி, கூடவே புளி, வெல்லம், இரண்டு பானை குழம்பு வடகம் எல்லாம் தயாராயின. குளிருக்கு என்ன செய்வது என்று கேட்க, பெரிய சண்டையில் பிரெஞ்சுக்காரனுக்காகக் கப்பலேறிப் போய்வந்த சொல்தா, அதாவது பட்டாளத்துக்காரர், ஒருவரைத் தேடிப் போனார். அவர் சட்டைக்கு உள்ளே செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டால் குளிர் அண்டாது என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அப்பா ஊரில் யார் வீட்டில் பழைய பேப்பர் கண்டாலும் விடவில்லை. படிக்கத் தெரியாதவர்களிடம்கூடப் பேப்பர் கேட்டார்.

பங்குனியில் அத்தையிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. குழந்தைகளுக்குக் குஷியாக இருக்கட்டும் என்று எழுதியிருப்பாள், பாவம். எங்கள் வீட்டிலிருந்து காடு கூப்பிடு தூரம்தான், யானை ரோட்டைக் கடந்து போவதைப் பிள்ளைகள் வாசலில் நின்றே பார்க்கலாம், போன வாரம் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைப் புலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றெல்லாம் இருந்தது அதில். அப்பா இதை உரக்கப் படித்துவிட்டு, பார்த்தாயா என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கன்றுக்குட்டியைத் தூக்குகிற புலிக்கு நான் எந்த மூலை? நான் கன்றுக்குட்டியைவிட ஒல்லி.

எங்கள் வீட்டோடு மாமா ஒருவர் இருந்தார், அம்மாவின் தம்பி. அப்பாவுக்குக் கரும்புக் கொல்லையில் ஒத்தாசை செய்கிறார் என்று பெயர். முக்கால்வாசி நேரம் வாய்க்கால் கரைப் புளியமரத்தடியில் சுங்கச் சேவகரோடு சீட்டாடிக்கொண்டிருப்பார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் பிரெஞ்சுக்காரன் குடிகள். அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ராஜ்யம். எங்கள் பக்கத்துத் துணி, செண்டு, தீப்பெட்டி எல்லாம் வரி இல்லாத சரக்கு, அந்தப் பக்கம் போனால் பிடிப்பார்கள். அதற்குத்தான் அந்தச் சேவகர்.

என் புலிப் பயத்தை மாமாவிடம்தான் சொன்னேன்.

"அட இன்னாடி நீ, இதுக்குப் போயி அழுவற? புலிக்கு நெருப்புன்னா ஆவாது. ஒரு குச்சியக் கிழிச்சிக் காட்டினா வாலச் சுருட்டிக்கினு ஓடிடும்" என்றார்.

"ஒரு குச்சி போதுமா மாமா?"

"ரெண்டு மாசம் இருக்கப் போற. நீயே யோசிச்சிக்க."

நான் யோசித்து, அடுப்பங்கரையிலிருந்து ஒரு பெட்டியைத் திருடி வைத்துக்கொண்டேன். போதாது என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து மாமாவே காகிதத்தில் சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். இரண்டு டஜன் தீப்பெட்டி. "மூட்டைக்கு அடியில வச்சிடு. யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்றார். இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைப்பார் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பயணத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்தார்கள். நல்ல நாள் வியாழக்கிழமை வந்தது, ரயிலேற முடிந்ததோ திங்கட்கிழமைதான். இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு, பரஸ்தானம் வைப்பது. நல்ல நேரத்தில் நாம் கிளம்ப முடியாவிட்டால், நாம் உடுத்துகிற துணியை ஒரு மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். துணி புறப்பட்டால் ஆளே புறப்பட்ட மாதிரி. பிறகு ஐந்து நாளுக்குள் ஆள் போய் அதை எடுத்துக்கொண்டு அப்படியே நடையைக் கட்ட வேண்டும். நடுவில் மூட்டைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பயணத்தை அதோடு விட்டுவிட வேண்டும், மறுபடி நினைக்கக்கூடாது. அப்பா இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. எல்லோருக்குமாகச் சேர்த்து என் துணியை வைப்பதென்று முடிவாயிற்று. பயணமே என்னை உத்தேசித்துத்தானே.

வடக்கே எங்களுக்கு அடுத்த வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பெரியப்பா முறையில் ஒருவர் வீடு. நான் தினம் ஓடிப்போய் விளையாடிவிட்டு வருகிற வீடு. அது வேறொரு ராஜ்யத்தில் இருக்கிறது என்பது எனக்குப் படவே இல்லை. தீப்பெட்டி அந்தப் பக்கம் போகக்கூடாது என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது கடைக்காரர்களுக்கான சட்டம், டேராடூன் போகிறவளை யார் கேட்கப் போகிறார்கள்?

வியாழக்கிழமை காலை அம்மா என் பாவாடை சட்டைகளைத் துண்டில் அடுக்கினாள். முடிச்சுப் போடுவதற்கு முன்னால் மஞ்சள் எடுத்துவர உள்ளே போனாள். போனவள் போனவள்தான். மஞ்சளைக் கொல்லையில் தோண்டி எடுக்கிறாளோ என்று நினைக்கும்படி அவ்வளவு நேரம். எனக்கு அது வசதியாகப் போயிற்று. தீப்பெட்டிக் கட்டை அடியில் செருகி, மேலே பாவாடையைப் பரப்பி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அம்மா வந்து மூட்டையைக் கட்டினாள். தூக்கிப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பெண்ணின் துணி இத்தனை கனம் கனக்குமா என்று அவள் கேட்கவில்லை.

அப்பா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தார். நான் கொல்லைப் படலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வாய்க்காலின் மேல் பனைமரத்தைப் போட்டு வைத்திருப்பார்கள், அதுதான் பாலம். அப்பா அதில் பாதி தாண்டியிருப்பார். அந்தப் பக்கத்தில் சேவகர் எழுந்து வந்து நின்றார். அப்பாவை அவர் அதுவரை ஒரு தடவைகூடத் தடுத்ததில்லை. மாமாவின் சிநேகிதர், எங்கள் வீட்டுக் கூழைக் குடித்தவர்.

"மூட்டையில இன்னாங்க?"

"பரஸ்தானம்ப்பா. பொண்ணோட துணி."

"அவுத்துக் காட்டிட்டுப் போங்க."

அப்பா ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. சேவகர் தலையாட்டினாரே தவிர வழியை விடவில்லை. கடைசியில் அப்பா அக்கரையில் குந்தி, மூட்டையை அவிழ்த்தார். பாவாடை, சட்டை, பாவாடை. அப்புறம் காகிதக் கட்டு. சேவகர் அதைப் பிரித்து ஒரு பெட்டியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். அந்தக் கடகடச் சத்தம் எனக்கு இங்கே கேட்டதாகவே இன்னும் நினைப்பு. மூட்டையைச் சாவடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அப்பாவும் பின்னாலேயே போனார்.

உச்சி வேளைக்கு அப்பா வெறுங்கையோடு வந்தார். தீப்பெட்டி எப்படி வந்தது என்று கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் தேம்பித் தேம்பி ஒப்புக்கொண்டேன். மாமா பெயரை மட்டும் சொல்லவில்லை, மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே.

"புலிக்கா வச்ச?"

"ம்."

"ரெண்டு டஜனா?"

"ரெண்டு மாசம் இருக்கணும் இல்லப்பா..."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே மாமா எருதுக்குக் கழுத்தைச் சொறிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த எருது பிறந்ததிலிருந்து அப்படி ஒரு உபசாரத்தைக் கண்டதில்லை. அப்பா கொல்லைப் பக்கம் போனார். தொட்டியில் முகம் கழுவினார். கழுவினார், கழுவினார், அப்படிக் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு வந்து, "தெய்வமே வேணாம்னு சொல்லிட்ட பெறவு நாம இன்னா செய்யறது. அக்காவுக்கு எழுதிப்புடறேன்" என்றார். சாப்பிட உட்கார்ந்து மறுசோறு கேட்டு வாங்கினார்.

மூட்டை ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. புலிக்குப் பயந்த பெண் வைத்தது என்று கேட்டுச் சாவடி முழுக்கச் சிரித்தார்களாம். தீப்பெட்டியை வைத்துக்கொண்டு துணியைக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் வீடே வேறு வீடாகியிருந்தது. பெரிய மழை வரும் என்று பயந்து, வராமல் போன நாள் மாதிரி. அம்மா பாட்டுப் பாடிக்கொண்டு வாசல் பெருக்கினாள். செய்தித்தாளெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. வடகத்தை ஒரு வருஷம் தின்றோம். எனக்கு விழவேண்டிய அடி விழவே இல்லை. சாப்பாட்டில் நெய்தான் கூட விழுந்தது. பெரியவர்களும் புலிக்குப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள், வெட்கத்தில் வெளியே சொல்லவில்லை என்று நான் முடிவுகட்டினேன். எப்பேர்ப்பட்ட நிம்மதி அது! இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு குளிர்கிறது.

என் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் மாமா உண்மையைச் சொன்னார். தீப்பெட்டி அம்மாவின் யோசனை. சேவகரிடம் பேசி வைத்தது மட்டும் மாமாவின் வேலை. "எங்கக்கா யார்கிட்டயும் எதுக்கும் கை நீட்டினது இல்ல. அன்னிக்கு என் ரெண்டு கையயும் புடிச்சிக்கினு வுடவே இல்ல" என்றார். அப்பாவுக்குத் தெரியாதே, பாவம் என்றேன். "உங்கப்பனுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற? உங்க அத்தைக்கு இல்லைன்னு சொல்ல அவுரால ஆவல. சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும், அவ்ளோதான்" என்று மாமா சிரித்தார்.

ஆக, அந்தக் காரியம் முழுக்க அவர்கள் செய்தது. நானாகச் செய்தது ஒன்று உண்டு.

பயணம் நின்ற அதே வருஷம், ஆனி மாதக் கடைசியில் டேராடூனிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கையால் பின்னிய நீலக் கம்பளிச் சட்டை. அத்தை என்னைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. ஆனாலும் கை நீளம், கழுத்து எல்லாம் அப்படியே பொருந்தியது. குளிர்காலம் பூரா உட்கார்ந்து பின்னியிருப்பாள். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்து அழுதாள். இந்த வெயிலில் இதை எப்படிப் போடுவது என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து, "மார்கழில போட்டுக்கறேம்மா, அழாத" என்று தேற்றினேன்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஒரு கார்டை வாங்கி என்னிடம் கொடுத்து, அத்தைக்கு எழுதச் சொன்னாள். சட்டை அளவு சரியாக இருக்கிறது, எங்கள் எல்லோருடைய நமஸ்காரம், இவ்வளவுதான் அவள் சொன்னது. எழுதி முடித்தும் கார்டில் பாதி இடம் மிச்சம் இருந்தது. வீணாகப் போகிறதே என்று நானே யோசித்து, என் நல்ல கையெழுத்தில் நிரப்பினேன். நாங்கள் அங்கே வராமல் போனதில் வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம் என்று எழுதினேன். பயணம் நின்ற அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள் என்பதையும் எழுதினேன்.

அந்தக் கார்டுக்குப் பதில் வரவில்லை. தபால்காரர்தான் அதை எங்கேயோ தொலைத்துவிட்டார் என்று நான் வெகுநாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.