தபீதாள் டீச்சர் ஒதுக்கிய படங்கள்

மேற்குத் தாம்பரத்துப் பெண்கள் பள்ளியொன்றில் தையல் கற்பித்த தபீதாள் அம்மையார், தம் வாழ்நாளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சினிமாவே பாராமலும், ஓராண்டு சினிமாவைத் தவிர வேறொன்றைப் பெரிதாய்ப் பாராமலும் கழித்தார். அந்த ஓராண்டின் கதை இது.

அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு நேரமில்லை என்றே விடை சொன்னார். கேட்பவர் நாளடைவில் இல்லாது போயினர். விடியற்காலையில் எழுந்து கிறிஸ்தவ ஞானப்பாட்டு ஒன்றை முழுமையாய்ப் பாடி முடித்த பின்னரே அடுப்பை மூட்டுவார். பாட்டில் எத்தனை சரணம் இருப்பினும் ஒன்றையும் விடார். ஆகையால் சரணம் மிகுந்த நாளில் காப்பி தாமதப்படும். மாணவியரின் ஜாக்கெட்டுக் கைகள் முழங்கைவரை நீண்டிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கை குறுகத் தைத்தவள் அதைப் பிரித்து மீண்டும் தைப்பாள். துணி போதாது என்றால் வேறு நிறத் துணியால் ஒட்டுப்போட்டுத் தைப்பாள். அவ்வாறு தவளைப் பச்சையும் செங்கல் சிவப்புமாய்க் கைகள் அமைந்த பெண்கள் அந்நாளில் தாம்பரத்துத் தெருக்களில் சிலர் இருந்தனர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டு பிறந்ததும், திருச்சபையின் வாலிபர் சங்கத்தார் சபைக் கமிட்டியின்முன் ஒரு கோரிக்கை வைத்தனர். சினிமாப் பார்ப்பது பாவமென்று மொத்தமாய்ச் சொல்லாமல், எந்தப் படம் பாவம், எந்தப் படம் பாவமில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டுமென்பது அது. கமிட்டியின் மூத்தவரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருமான சுவிசேஷமுத்து அதைக் கேட்டு எழுந்து நின்று, பேசச் சொற்கள் அகப்படாமல் உட்கார்ந்தார். சபையார் ஐயர் என்றழைக்கும் போதகர் வேதசிரோமணி சாந்த குணத்தவர். சபையில் முதிர்ந்த, சோதனைக்கு உட்படாத ஒருவர் படங்களைப் பார்த்து வந்து சொல்லட்டும் என்றார். சோதனைக்கு உட்படாதவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லார் தலையும் மாதர் சங்கத்தார் அமர்ந்திருந்த பக்கம் திரும்பிற்று. தபீதாள் அம்மையார் விளக்கெண்ணெயை விழுங்குபவர் முகத்தோடு அப்பணியை ஏற்றார்.

தனியே ஒரு பெண் கொட்டகைக்குப் போவது தகாது. எனவே அடுத்த வீட்டுப் பாலாம்பாளைத் துணைக்கு அழைத்தார். அவள் கணவர் இரயில்வேக் குமாஸ்தா. அவளோ வாரந்தோறும் படம் பார்க்கும் வழக்கத்தவள்.

"எங்க ஐயர் உத்தரவு கொடுத்துட்டார்" என்று தபீதாள் அம்மையார் சொன்னபோது பாலாம்பாள் திகைத்தாள். தன் வீட்டு ஐயரன்றி வேறோர் ஐயர் அந்தத் தெருவில் இருப்பதை அவள் அறியாள்.

"உங்களுக்கும் ஐயரா டீச்சர்? பேஷ். எங்காத்து ஐயர் உத்தரவெல்லாம் கொடுக்கிறதில்லை. நானே எடுத்துக்கறதுதான்" என்றாள்.

இரயில் நிலையத்துக்கு அணித்தே தகரக் கூரை வேய்ந்த திரையரங்கொன்று இருந்தது. பெண்கள் பகுதியை இடுப்பளவுச் சுவரொன்று பிரித்திருந்தது. சனிக்கிழமைப் பகற்காட்சிக்கு இருவரும் சென்றனர். 'கப்பலேறிய கணவன்' என்பது படம். தபீதாள் அம்மையார் குடையை மடியில் நிமிர்த்திப் பிடித்து, தகாத காட்சி வருமாயின் விரிப்பதற்கு ஆயத்தமாய் இருந்தார். கணவன் கப்பலேறினான், மனைவி அவன் கிழிந்த சட்டையை விளக்கொளியில் தைத்தாள். அவள் ஊசியைப் பிடித்த விதத்தைக் கண்ட அம்மையார், "அப்படிக் குத்தினா விரல்லதான் ஏறும்" என்று உரக்கச் சொன்னார். திரையில் அவள் விரலில் ஊசி ஏறிற்று. குருதி துளிர்த்தது. அவ்வளவே, அதன்பின் படம் முடியுமட்டும் அம்மையார் அழுதார். குடை எங்கு விழுந்ததென்று பின்னர்ப் பாலாம்பாள்தான் குனிந்து தேடினாள்.

அந்தப் படத்தைத் தகாதது என்றே கமிட்டிக்குச் சொன்னார். ஏனென்று கேட்டபோது, ஒருவரை இவ்வளவு அழவைப்பது உடம்புக்கு ஆகாது என்றார்.

அதுமுதல் சனிக்கிழமை தவறாது போயினர். பாலாம்பாளுக்கு உவப்பானவை புராணப் படங்கள். கடவுள் தோன்றும்போது அவள் இருக்கையைவிட்டு எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அந்நேரத்தில் தபீதாள் அம்மையார் முகத்தைத் திருப்பிக் கூரைத் தகரத்தைப் பார்ப்பார். தம் விசுவாசத்துக்கு அது கடமை என்று கருதினார். ஆனால் தலை திரும்பியபடியே, "இப்ப என்ன ஆச்சு? வரம் கொடுத்தாச்சா?" என்று வினவுவார். "கொடுத்தாச்சு, ஆனா நிபந்தனை இருக்கு" என்று பாலாம்பாள் விடை தருவாள். நிபந்தனை என்றதும் கழுத்து தானே திரும்பிவிடும்.

துப்பறியும் படமொன்றில் பிணத்தின் கைக்குள் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது. இடைவேளைக்கு முன்னரே அம்மையார், "டாக்டர்தான். அவர் சட்டையில ரெண்டாவது பொத்தான் மட்டும் வேற நூல்ல தைச்சிருக்கு" என்று அறிவித்தார். சுவருக்கு அப்பாலிருந்து ஆடவர் பலர் ஒருமித்து முறையிட்டனர். படம் முடிந்தபோது டாக்டரே கைதானார். டிக்கெட் கிழிக்கும் லோகநாதன் வாசலில் நின்று அம்மையாரை மறித்தான்.

"டீச்சரம்மா, நீ எல்லாம் கண்டுபிடி, வேணாங்கல. ஆனா வூட்டுக்குப் போய்ச் சொல்லு. ஜனம் என்னாண்ட வந்து காசைத் திருப்பிக் கேக்குது."

அவனுக்கும் அம்மையாருக்கும் அதன்பின் ஒருவகை நட்பு உண்டாயிற்று. ஒரு சனிக்கிழமை அவன் தாழ்ந்த குரலில், "இன்னிக்குப் படம் பேஜாரும்மா. ஒரு ஃபைட்டு இல்ல. அழுகைதான் கீது" என்று எச்சரித்தான். "முழுக்க அழுகையா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அம்மையார் விரைந்து உள்ளே போனார்.

பள்ளியிலும் மாறுதல் தென்பட்டது. ஜாக்கெட்டுக் கை முழங்கைக்கு மேல் சிறிது ஏறலாம் என்றாயிற்று. ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைக்கும் முறையும் கற்பிக்கப்பட்டது. அம்முறையை எங்கே கற்றீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டபோது, 'சுங்கச்சாவடி சுந்தரி' என்னும் படத்தின் பெயர் வாய்வரை வந்ததை அடக்கி, பழைய முறைதான் என்றார். விடியற்காலை ஞானப்பாட்டின் சரணங்களும் குறையலாயின. சனிக்கிழமைகளில் ஒன்றே பாடப்பட்டது. அதுவும் சற்றே துரித காலத்தில்.

இவ்வாறிருக்க, செப்டம்பர் மாதத்தில் ஒரு சொல்லால் வினை விளைந்தது. அதுவரை கமிட்டியாரிடம் மட்டும் சொல்லிவந்த தீர்ப்பை வாலிபருக்கும் அறிவிக்க வேண்டுமென முடிவாயிற்று. அம்மையார் கமிட்டிச் செயலர் தயாளனிடம் மூன்று படங்களைச் சொல்லி, அவற்றை வாலிபர்களுக்கு ஒதுக்கிவிட்டதாகக் கூறினார். சோற்றிலிருந்து கறிவேப்பிலையை ஒதுக்குவது போல் ஒதுக்கினார் என்பது அவர் கருத்து. தயாளன் கேட்ட சொல்லை மாற்றாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அறிவிப்புகள் வாசிக்கையில், "நம் தபீதாள் டீச்சர் அவர்கள் வாலிபர் சங்கத்தாருக்கென்று மூன்று படங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். சங்கத்தார் கவனிக்கவும்" என்று கம்பீரமாய் அறிவித்தார்.

சங்கத்தார் நன்கு கவனித்தனர். மூன்று படங்களும் அதற்குள் தாம்பரத்தை விட்டு நீங்கிப் பல்லாவரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஓடிக்கொண்டிருந்தன. சங்கத் தலைவன் தனசிங் எல்லாரையும் திரட்டி, மின்சார இரயிலேற்றி, மூன்றையும் தேடிப் போய்க் காட்டி வந்தான். மூன்றாவது படத்தில் வில்லன் மது அருந்தி ஆடும் ஆட்டம் ஒன்று இருந்தது. அதனைச் சங்கத்து இளைஞர் இருவர் விளைபொருள்களைக் காணிக்கையாய்ப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையன்று, ஏலப் பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடிக் காட்டினர். ஏலத்தில் அந்தப் பூசணிக்காய் நல்ல விலைக்குப் போயிற்று. எனினும் சுவிசேஷமுத்து அதனைக் கண்டார்.

டிசம்பரில் கமிட்டி கூடிற்று. படம் பார்க்கும் பணியை அறவே நீக்க வேண்டுமென்பது சுவிசேஷமுத்துவின் தீர்மானம். கூட்டத்துக்கு முந்தைய நாட்களில் தபீதாள் அம்மையார் உறக்கம் இழந்தார். பணி போயின் சனிக்கிழமை போகும். தம் விருப்பத்தால் சினிமாவுக்குப் போகிறவர் மாதர் சங்கத்தில் இருக்கலாகாது என்னும் விதியை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். முழந்தாளிட்டு ஜெபித்தார், ஆனால் இன்னதற்கென்று சொல்லாமலே ஜெபித்தார். கேட்கத் தகாதது ஒன்றைக் கேட்கிறோமோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது.

முதலில் தனசிங் விசாரிக்கப்பட்டான். அவன் பணிவாய் எழுந்து, தினமும் தான் போகும் இரயிலைச் சான்றாகக் காட்டினான்.

"பெட்டியில 'பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்குங்க ஐயா. அப்படின்னா பெண்கள் ஏறக்கூடாதுன்னா அர்த்தம்?"

போதகர் இருமலொன்றை வரவழைத்துக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தயாளன், தாம் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை என்று மும்முறை கூறினார். குற்றம் யார்மேலும் நில்லாமல் சொல்லின்மேல் போய் நின்றது. சொல்லைத் தண்டிக்க இயலாமையால் சுவிசேஷமுத்து அம்மையாரை நோக்கினார்.

"சரி, சொல்லை விடுவோம். டீச்சரம்மா, உள்ளதைச் சொல்லுங்க. வருஷம் முழுக்கப் போனீங்களே, எதுக்குப் போனீங்க?"

அம்மையாருக்குத் தப்பும் வழி ஒன்று இருந்தது. சபை அனுப்பியதால் போனேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்யுரைத்துப் பழகாத வாய் அதற்கு இணங்கவில்லை.

"முதல் ரெண்டு படமும் கெட்டதா இருக்கான்னு பார்க்கப் போனேன், ஐயா. மூணாவதுல இருந்து நல்லா இருக்குமான்னு பார்க்கப் போனேன்."

சுவிசேஷமுத்து வெற்றி கண்டவராய்ச் சாய்ந்தமர்ந்து, அப்படி என்ன நன்மையைக் கண்டீர்கள், அதையுந்தான் கேட்போம் என்றார். அது அவர் செய்த பிழை. அம்மையார் அவ்வாண்டில் தமக்கு மிகப் பிடித்த படத்தை, சென்ற சனிக்கிழமை கண்ட 'இரண்டு சரோஜினி'யைச் சொல்லலானார். வெளியூரிலிருக்கும் அண்ணன் தங்கைக்குத் தலைத் தீபாவளிப் புடவையைத் தபாலில் அனுப்புகிறான். தெருவில் சரோஜினி என்று இருவர். போஸ்ட்மேன் பார்சலை மற்றொரு சரோஜினியிடம் கொடுத்துவிடுகிறான்.

"கையெழுத்து வாங்கினானா?" என்றார் சுவிசேஷமுத்து.

"வாங்கினான். அவளும் சரோஜினின்னுதானே போட்டா."

"வீட்டு நம்பரைப் பார்க்க வேண்டாமா? அது என்ன டெலிவரி? சஸ்பெண்டு பண்ண வேண்டிய கேஸ்."

அம்மையார் மேலே சொன்னார். அண்ணன் மறந்தான் என்று தங்கை நினைந்து பேச்சை விட்டாள். தங்கை நன்றி மறந்தாள் என்று அண்ணன் நினைந்தான். ஆண்டுகள் கழிந்தன. ஒரு திருமணத்தில் மற்றொரு சரோஜினி அந்தப் புடவையை உடுத்திக்கொண்டு, தற்செயலாய் அந்த அண்ணனுக்கே இலையில் பாயசம் பரிமாற வருகிறாள். கமிட்டியார்முன் வைத்திருந்த தேநீர் தொடுவாரின்றி ஆடை படிந்து ஆறிற்று. அண்ணன் புடவையின் தலைப்பைக் காண்கிறான். இவ்விடத்தில் அம்மையார் கதையை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். தயாளன் தண்ணீருக்காக எழுந்தார்.

"தண்ணி அப்புறம் ஆகட்டும். கண்டுபிடிச்சானா, இல்லையா?" என்று அதட்டினார் சுவிசேஷமுத்து.

போதகர் கையுயர்த்தினார். இது விசாரணையே ஒழியக் கதாகாலட்சேபம் அன்று என்றும், பிறர் சொல்லக் கேட்டே ஒரு படத்தை விலக்குவதோ ஏற்பதோ முறையன்று என்றும், தீர்மானம் கொண்டுவந்தவர் தாமே ஒரு முறை பார்த்துவந்து சொன்னால் கமிட்டி அதன்படி செய்யும் என்றும் கூறினார். சுவிசேஷமுத்து நெடுநேரம் மறுத்தார். படம் கூட்டம் குறையாமல் இன்னும் ஒரு வாரம் ஓடும் என்று தனசிங் இடையில் புகுந்து சொன்னான். முடிவில் அவர், சபையின் நன்மைக்காக மட்டும் என்று எழுதிக்கொள்ளச் சொல்லி இசைந்தார்.

சனிக்கிழமை அம்மையாரும் பாலாம்பாளும் சுவிசேஷமுத்துவுமாய் மூவர் சென்றனர். ஆடவர் பகுதியில் சுவிசேஷமுத்து தனியே அமர்ந்தார். அன்று தபீதாள் அம்மையார் திரையைக் கண்டதினும் சுவருக்கு அப்பாலிருந்த அவருடைய வழுக்கைத் தலையைக் கண்டதே மிகுதி. அந்தத் தலை அசைந்தால் மனம் துணுக்குற்றது. அசையாவிட்டால் உறங்கிவிட்டாரோ என்று இன்னும் துணுக்குற்றது. போஸ்ட்மேன் தோன்றிய காட்சியில் மட்டும் அத்தலை முன்னே நீண்டு, "நம்பரைப் பார்டா" என்னும் குரல் எழுந்தது. பாயசக் காட்சியில் தலை குனிந்தது; பிறகு நிமிரவேயில்லை.

வெளியே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. சுவிசேஷமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி தெளிந்த பின்னும் துடைத்தார். படம் எப்படியென்று கேட்கும் துணிவு அம்மையாரிடம் இல்லை. பாலாம்பாள்தான் கேட்டாள்.

"எப்படி மாமா படம்?"

"அண்ணன் தங்கை ஒழுங்கு. தபால்தான் ஒழுங்கில்லை" என்றார் அவர். சற்று நடந்தபின், "போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கின இடத்துல முன்னால இருந்தவன் எழுந்துட்டான். அதைச் சரியாப் பார்க்காம கமிட்டிக்கு நான் என்னத்தைச் சொல்றது? அடுத்த சனிக்கிழமை இன்னொரு தரம் பார்க்கணும்" என்று சேர்த்தார்.

"வர வெள்ளியோட படம் மாறிடும், மாமா."

சுவிசேஷமுத்து நின்றார். இரயில்வே கேட்டு மூடியிருந்தது. செங்கல்பட்டிலிருந்து வந்த வண்டி முழுதும் கடந்து போகுமட்டும் அவர் யோசித்தார்.

"மாறின படத்தை மட்டும் விசாரிக்காம விட முடியுமா?" என்றார்.

கேட்டு திறந்தது. அவர் மனம் மாறிவிடுவாரோ என்று அஞ்சிய தபீதாள் அம்மையார், இருவரையும் விட்டு முன்னே வெகுவேகமாய் நடந்து போனார்.